டாக்டரம்மாவுக்குக் கட்டிய டியூசன் பீஸ்

மருத்துவ ஆராய்ச்சிக்கு நான் முதன்முதலில் நன்கொடை கொடுத்தது ஆறாம் வகுப்பு படிக்கும்போது. பணம் அப்பாவுடையது. பெருந்தன்மை மட்டும் என்னுடையது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் சூலூரில் இருந்தோம். அப்பா வீட்டுக்குப் பின்னாலேயே விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அக்காவை, அதாவது என் அத்தையைச் சென்னிமலையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வருடம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம் என்பதுதான் காரணம். அதற்கு மூன்று வருடம் முன்பு அவருக்கு மார்பகத்தில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் செய்து, எல்லாம் போய்விட்டது என்று வீடு வீடாக லட்டு கொடுத்திருந்தோம். நான் மட்டும் நான்கு தின்றேன். இப்போது அது முதுகெலும்பில் வந்து உட்கார்ந்திருந்தது.

வீட்டில் யாரும் அந்த நோயைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். 'அது' என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தி. அத்தைதான் சிரிப்பார். "அதென்ன எம்பட ஊட்டுக்காரரா, பேரைச் சொல்லாம இருக்க? புத்துநோய்னு சத்தமாச் சொல்லுங்க, ஒண்ணும் கோவிச்சுக்காது."

அத்தை வந்ததில் வீட்டிலேயே அதிகம் லாபம் அடைந்தவன் நான். அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினால் போதும், "ஏந் தம்பி, ஆறாவதுல நீ வாங்குன மார்க்கை இவங்கிட்டச் சொல்லட்டுமா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். ஓங்கிய கை தானாகத் தலையைச் சொறியப் போய்விடும். இப்படிப்பட்ட ஒருத்தர் குணமாகியே தீர வேண்டும் என்று நான் சாமியிடம் கறாராகச் சொல்லிவைத்திருந்தேன். பாசம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதுகுத்தோலைப் பற்றிய கவலையும் இருந்தது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அம்மாதான் அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். தனியாக விட்டால் ஓடுகிற தறியில் எதையாவது செருகுவேன் என்று என்னையும் இழுத்துப்போவார்கள். அபாண்டம் என்று சொல்லமுடியாது. ஒருமுறை செருகியிருந்தேன்.

அத்தையைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு நிதானமான பேச்சு. ஒருநாள் அவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"முதுகுக்கு வந்துட்டா அது முதுகுப் புத்துநோய் தானுங்க? அப்பறம் எதுக்குங்க மாருக்குக் குடுக்கற அதே மருந்து?"

அம்மா முறைத்தார். டாக்டரம்மா கோபிக்கவில்லை. "நம்மூர்க்காரர் ஒருத்தர் மெட்ராஸ்ல போய்க் குடியிருந்தா மெட்ராஸ்காரர் ஆயிருவாரா கண்ணு? அங்கயும் 'ஏனுங்க'ன்னுதான கூப்புடுவாரு? இதுவும் அப்படித்தான். எந்த எலும்புக்குப் போனாலும் மார்ல பொறந்த கொணம் மாறாது."

"அது எதுக்குங்க ஊரு விட்டு ஊரு போகுது? போகாமப் பண்ண முடியாதுங்களா?"

டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "அதை இன்னும் நெறையப் படிக்கோணும் கண்ணு. படிக்கறதுக்குத்தான் காசில்லை."

ஆராய்ச்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் குடும்ப மானம் தப்பித்திருக்கும். படிப்பு என்றால் எனக்குத் தெரிந்தது பீஸ் கட்டுவதும், கட்டாவிட்டால் வகுப்புக்கு வெளியே நிற்பதும்தான். டாக்டரம்மாவை அப்படி யாரோ வெளியே நிறுத்திவிட்டார்கள், அத்தையின் முதுகைப் பற்றிய பாடத்தை நடத்தும்போது அவர் வராந்தாவில் நின்றிருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். ஊர் திரும்பும் வரை பஸ்ஸில் அவருக்காக வருந்தினேன். வகுப்புக்கு வெளியே நிற்பதில் எனக்கும் அனுபவம் உண்டு.

அடுத்த மாதம் பிறந்ததும் அப்பா கணக்கு டியூசனுக்குப் பணம் கொடுத்தார். வாத்தியாரிடம் போய், அப்பா ஊரில் இல்லை என்றேன். அப்பாவின் தறிச் சத்தம் வாத்தியார் வீட்டு வாசல்வரை கேட்டுக்கொண்டிருந்தது. அவர் நல்லவர், ஒன்றும் கேட்கவில்லை. பணத்தை ஜாமெட்ரி பாக்ஸில் வைத்தேன். அந்த வருடம் அந்தப் பெட்டி உருப்படியாக ஒரு காரியத்துக்கு உதவியது அப்போதுதான்.

சனிக்கிழமை வந்தது. அத்தையைப் பரிசோதித்துவிட்டு டாக்டரம்மா எழுத உட்கார்ந்ததும் நோட்டுகளை மேசைமேல் வைத்தேன்.

"இந்தாங்க டாக்டரம்மா. பீஸைக் கட்டி மிச்சப் பாடத்தையும் படிச்சுப்போடுங்க. மண்டையில ஏறலைன்னா எங்க டியூசன் வாத்தியார்கிட்ட வாங்க. நல்லா அடிப்பாருங்க, தானா ஏறிரும்."

அம்மாவின் விரல்கள் என் தொடையைத் தேடிவந்தன. "தப்பா எடுத்துக்காதீங்க டாக்டரம்மா, இவன் அவங்கப்பாவாட்டவே" என்று பழியைச் சூலூருக்கு அனுப்பினார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தைக்குச் சிரித்தால் முதுகு வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தார். "ஐயோ சாமீ, நிறுத்தச் சொல்லுங்க இவனை" என்று முதுகைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தார். நான் பேச்சை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது.

பணம் அம்மாவின் பைக்குப் போனது. மூச்சு வாங்கியபின் அத்தை கேட்டார்: "இருந்தாலும் எம்பட மருமவன் சொல்றதுல தப்பென்னங்க? மெய்யாலுமே இதைப் படிக்க ஆரும் காசு குடுக்கறதில்லீங்களா?"

"குடுக்கறாங்க. மொதல்ல வர்றதைச் சீக்கிரம் கண்டுபுடிக்கறதுக்குக் குடுக்கறாங்க, அதைக் கொணமாக்கறதுக்குக் குடுக்கறாங்க. பரவிப் போனதைப் படிக்கன்னு கேட்டாத்தான் கையைச் சுருக்கிக்கறாங்க."

இன்றும் புற்றுநோய் நிதி என்று யாராவது உண்டியலோடு வந்தால், இதில் பரவியதைப் படிக்க எவ்வளவு போகிறது என்று கேட்கிறேன். கொடுக்காமலிருக்க நான் செய்யும் தந்திரம் என்று நினைத்துப் பாதிப்பேர் அடுத்த ஆளிடம் போய்விடுகிறார்கள். முகத்தில் அப்படி ஒரு களை எனக்கு. அன்றைக்கு இருந்த மாத்திரை என் அத்தைக்குக் கேட்டது. அதன்பின் ஐந்து வருடம் இருந்தார், பெரும்பாலும் நல்ல வருடங்கள். தன் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்து, எனக்கு இன்னொரு ஜிலேபி வைக்கச் சொன்னார். ஆறாவது வருடத்துக்குத் தேவையான மருந்தை அன்றைக்கு யாரும் படித்து முடித்திருக்கவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு அத்தை தலையாட்டினார். "அவிங்க நெனைக்கறதும் சரிதானுங்களே. எப்படியும் போறவங்களுக்கு எதுக்குச் செலவு?" என்றார், அதே சிரித்த முகத்தோடு.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டரம்மா பேனாவைத் திறந்து, எழுதாமல், மூடினார். நான்தான் பொறுப்பாகப் பதில் சொன்னேன்.

"ஆமாங்க அத்தை. போறதுன்னா இப்பவே போயிரலாங்க. மூணு மணி பஸ்ஸுன்னா உங்களுக்கு உக்காரச் சீட்டுக் கெடைக்கும்."

அத்தை என் தலையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார், விடவே இல்லை. அம்மாவும் எழுந்திருக்கவில்லை. இத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருத்தருக்குக்கூட பஸ் நேரம் தெரியவில்லையே என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.