நல்ல தண்ணீரா, உவரா?

கனடாவில், மொன்றியல் துறைமுகத்துக்கு அருகே ஒரு வெயர்ஹவுசில் என்னோடு பெட்டி அடுக்கியவர் ஒரு போலந்துக்காரர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அட்டைப்பெட்டி மூடி ஒன்றில் தன் ஊரை வரைந்து காட்டினார். கொஞ்ச வீடுகள், ஒரு மேடு, மேட்டில் தேவாலயம். முன்பு எல்லாமே ஆற்றின் ஒரே கரையில் இருந்தனவாம். அவருடைய பாட்டனார் காலத்து வெள்ளத்தில் ஆறு தடம் மாறி ஊருக்கு நடுவால் ஓடத் தொடங்க, தேவாலயமும் சவக்காலையும் அக்கரையாகிவிட்டன. அதன்பிறகு பூசைக்கும் தோணி, பிரேதத்துக்கும் தோணி.

நான் ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். எந்த ஊரைப் பற்றிக் கதைத்தாலும் எங்கள் ஆட்களின் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான். கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீரா, உவரா என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். போலந்து என்றதும் எல்லாரும் யுத்தத்தைத்தான் கேட்பார்கள், கிணற்றை ஒருவரும் கேட்டதில்லை என்றார். எனக்கும் யுத்தக் கேள்வி கேட்டுக் கேட்டு எரிச்சல் வந்திருந்த காலம் அது. பிறகு அவர் கிணறுகளையும் வரைந்தார். தேவாலயப் பக்கம் நல்ல தண்ணீர். அவருடைய பக்கம் இரும்புத் தண்ணீர், தேயிலை போட்டால் தேத்தண்ணீர் கறுத்துவிடும்.

உங்களுடையது எப்படி என்று கேட்டார்.

"நல்ல தண்ணீர், தேன்மாதிரி" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் ஊர் அண்ணை நிமிர்ந்து பார்த்துத் தமிழில் கேட்டார்: "ஐசே, உங்கடை கிணறு உவரெல்லோ?"

"சும்மா இருங்கோ அண்ணை. இந்த மனிசன் என்ன, அங்கை போய்க் குடிச்சுப் பாக்கப்போகுதே?"