இடது ஷூ அபிநயாவுக்கு, வலது ஷூ செல்லிக்கு

ஜமுனாமரத்தூரில் பதினொன்றாம் வகுப்பு படித்த செல்லிக்குப் பாதம் பெரிது. சந்தையில் விற்கும் பெண்கள் செருப்பு எதுவும் அவள் காலுக்கு ஏறாது. அம்மா வெள்ளையம்மாள் ஆண்கள் செருப்பை வாங்கி, வாரை மட்டும் சிவப்பாக மாற்றித் தருவாள். செல்லிக்கு அதில் வருத்தமில்லை. யாராவது சிரித்தால் அந்தச் செருப்பையே கழற்றிக் காட்டுவாள்.

ஓவிய வகுப்புக்கு அவள் போனதே ஜன்னலோரக் காற்றுக்காகத்தான். அங்கே உட்கார்ந்து எதிரில் இருப்பவர்களின் முகங்களைக் கோணல்மாணலாக வரைந்துகொண்டிருப்பாள்.

ஓவிய ஆசிரியர் பிலால் ஆலங்காயத்திலிருந்து தினமும் மலையேறி வருபவர். கொண்டை ஊசி வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது முகம் வெளுத்திருக்கும். அவர்தான் அகில இந்திய ஷூ வடிவமைப்புப் போட்டிக்குப் பள்ளியின் பெயரைக் கொடுத்தார். பார்சலில் ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வந்தது. அதில் படம் வரைந்து, பள்ளி மாணவர் ஒருவர் போட்டுக்கொண்டு நிற்கும் போட்டோவை அனுப்ப வேண்டும்.

வகுப்பிலேயே நன்றாக வரைபவள் அபிநயா. அவள் ஷூவுக்குள் காலை விட்டுப் பார்த்தாள். இன்னொரு கால் வைக்கவும் இடமிருந்தது. வகுப்பு மொத்தமும் செல்லி பக்கம் திரும்பியது.

"இன்னா, எல்லாரும் என் காலையே பாக்கறீங்க?"

"போட்டோவுக்கு நீ மாட்டிக்கினு நின்னா போதும்டி. படம் நான் போட்டுக்கறேன்" என்றாள் அபிநயா.

"காலு என்னுது. ஒரு ஷூ எனக்கு. இல்லன்னா நீயே துணிய அடைச்சி மாட்டிக்கோ."

பிலால் சார் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். இடது ஷூவில் அபிநயா தேனீக்களையும் சந்தன இலைகளையும் நரம்பு நரம்பாக வரைந்தாள். வலது ஷூவில் செல்லி, விரல் நுனியிலிருந்து குதிகால்வரை மலைப்பாதையைச் சுற்றவிட்டாள். அதில் ஒரு பஸ். ஜன்னலுக்கொரு தலை வெளியே தொங்கி வாந்தியெடுத்துக்கொண்டிருந்தது. முன் ஜன்னல் தலைக்குக் கண்ணாடியும் கட்டம்போட்ட கைக்குட்டையும் இருந்தன.

சார் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரும்மா?"

"பொதுவா ஒருத்தருங்க சார்."

"பொதுவா ஒருத்தர்கிட்ட என் கண்ணாடி எப்படி வந்துச்சு?"

செல்லி கூரையைப் பார்த்தாள். வெள்ளைப் பெயின்ட்டால் அழித்துவிடலாம் என்று அபிநயா டப்பாவைத் திறந்தாள். ஆனால் அன்றுதான் கடைசி நாள், பெயின்ட் காய நேரமில்லை. செல்லி மாட்டிக்கொண்டு நின்றாள், போட்டோ போனது.

கடைசிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டதாகத் தகவல் வந்தது. நடுவர்கள் கணினித் திரையில் தோன்றினார்கள். அபிநயா இயற்கையைப் பற்றி மனப்பாடம் செய்த ஆங்கிலத்தைத் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். பிறகு ஒரு நடுவர் வலது ஷூவைப் பெரிதாக்கி, முன் ஜன்னல் ஆளைச் சுட்டி ஏதோ கேட்டார். ஆங்கிலம் பிடிபடாவிட்டாலும் செல்லிக்குக் கேள்வி புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

பிலால் சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கேமராவுக்கு முன் குனிந்து, அது நான்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நடுவர்களில் ஒரு அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் திரையை விட்டே எழுந்து போய்விட்டார்.

முதல் பரிசு வேறு மாநிலத்துக்குப் போனது. இவர்களுக்குச் சிறப்புப் பரிசு. வாந்தி மட்டும் இல்லாவிட்டால் முதல் பரிசே கிடைத்திருக்கும் என்று அபிநயா பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பினாள். சார் மட்டும் வராந்தாவில் செல்லியை நிறுத்தி, "கண்ணாடி சரியா வந்திருக்கு. மூக்கு இவ்ளோ பெருசில்ல" என்றார். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தவளுக்கு அன்றைக்கெல்லாம் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு, பள்ளிச் சுவரில் காடு வரையச் சொன்னார். பஸ் கூடாது என்றும் சொன்னார். செல்லிக்கு இலை வரைய வராது. நேராக அபிநயாவிடம் போனாள்.

"இலையெல்லாம் நீ போடுறியா?"

"நீ இன்னா போடுவ?"

"கொரங்கு."

"ஹெட்மாஸ்டர் மூஞ்சி மட்டும் வேணாம்டி."

"பாக்கலாம்" என்றாள் செல்லி.