காலியான படிவரிசை

நெய்வேலிக் கால்பந்துத் திடலில் நான் கண்ட அந்த நடுவர் மெலிந்த உருவினர். ஒவ்வொரு முறை ஊதியதும் விசிலைச் சட்டை நுனியால் துடைத்துக்கொள்வார்.

எங்கள் குடியிருப்புப் பகுதியான பிளாக்கின் அணியை எதிர்த்து ஆடிய வெளியூர்க் கல்லூரியின் கோல்கீப்பர், ஆப்பிரிக்க மாணவர். ஆட்டத்தின் நடுவே கையுறைகளைக் கழற்றிவிட்டார். கோலுக்குப் பின்னால், நாங்கள் அமர்ந்திருந்த படிகளிலிருந்து சிலர் தம்மைப் பார்த்துக் குரங்குபோல் கத்துவதாகவும், இனி ஆடப்போவதில்லை என்றும் நடுவரிடம் முறையிட்டார்.

போட்டி நடத்துபவர் ஓடிவந்தார். “தமாஷுக்குக் கத்துறாங்க சார். தமிழே தெரியாதவருக்கு என்ன புரிஞ்சுதாம்?”

“குரங்கு மாதிரி கத்துறதுக்குத் தமிழ் எதுக்குங்க?” என்றார் நடுவர். “இந்தப் படி மொத்தமும் காலியாகணும். அப்புறந்தான் ஆட்டம்.”

“நம்ம பிளாக் ஜனங்க சார்! உங்க வூட்டம்மாவே இங்கதான் உக்காந்துகினு இருக்காங்க.”

“அவங்களும் எழுந்திரிக்கட்டுங்க.”

முதலில் எழுந்தவர் அந்த அம்மையார்தாம். திருமாலின் கரிய திருமேனியைப் பாடிப் பாடியே முதுமை எய்திய நானும் அவர் பின்னே இறங்கினேன். முணுமுணுத்தவாறு மற்றவர்களும் இறங்கினர்.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அம்மாணவர் கையுறைகளை மாட்டிக்கொண்டிருந்தார். ஓரிடத்திலிருந்து வெளியேற்றப்பட்டதற்காக நான் தலைநிமிர்ந்து நின்றது அன்று மட்டுமே.