கடல் பார்த்த அன்ரனாவும் கரைசேராத அணியும்

மற்ற ஊர்களில் ரிவிப் பெட்டி திருத்துகிறவன் கதிரையில் இருந்து வேலை செய்வான். மன்னார்த் தீவில் பாதி நாள் கூரையில்தான். அன்ரனாவைக் கடல் பக்கம் திருப்பினால் இராமேஸ்வரத்து ஒளிபரப்புக் கோபுரம் இந்திய ரிவியைத் தரும். மற்றப் பக்கம் திருப்பினால் கொழும்பு, அதுவும் மனம் வைத்தால். சண்டைக் காலம், கறண்டும் அரைகுறை. ஆனாலும் கார் பற்றறியில் ரிவியைப் பூட்டி, உலகக் கிண்ணம்தோறும் இந்தியா எங்களை நம்பவைத்துக் கழுத்தறுத்ததை ஒன்றுவிடாமல் பார்த்தோம். உங்களில் பலரும் இதே கூட்டம்தான் என்று தெரியும். உங்களுக்குத் தோல்வியோடு சனியன் முடிந்தது. எனக்கு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

குற்றவாளி நானே

பேசாலையில் சூசையண்ணையும் ரோசம்மாக்காவும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் ஒரே தடி, ஒரே அன்ரனா. வயர் மட்டும் இரண்டாகப் பிரியும். சூசையண்ணை கடற்றொழிலாளி, கிரிக்கெற் பைத்தியம். ஒருமுறை இந்தியா அரையிறுதியில் மளமளவென்று விழுந்து தோற்ற அடுத்த நாள் காலை, ஆள் என் கடை வாசலில் நின்றார். படம் முழுக்கப் புள்ளியாம், பந்தே தெரியவில்லையாம். காற்றுக்குத் தடி திரும்பியிருக்கும், அதற்கு நான் என்ன செய்ய என்றேன். அவர் விடுவதாயில்லை.

"நீர் வடிவாத் திருப்பியிருந்தா எங்களுக்கும் பந்து தெரிஞ்சிருக்கும், அடிக்கிறவனுக்கும் தெரிஞ்சிருக்கும்."

ஓட்டக் கணக்குத் தெரியாத ரசிகை

ரோசம்மாக்கா கருவாடு போடுகிறவர். கிரிக்கெற்றில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது. அவருடைய மகன் யூட், ஆமியின் சுற்றிவளைப்புகளுக்குப் பயந்து வள்ளமேறி இந்தியாவின் மண்டபம் அகதி முகாமுக்குப் போனவன். அங்கிருந்து திரும்பி வந்த ஒருவர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார், இந்தியா விளையாடுகிற நாளில் முகாம் பெடியள் எல்லாரும் ரிவிக்கு முன்னால்தான் என்று. அதற்குப் பிறகு இந்தியாவின் ஒரு ஆட்டத்தையும் அக்கா விட்டதில்லை. மகன் பார்க்கிற அதே படத்தை அதே நேரத்தில் தானும் பார்க்க வேண்டும், அவருக்கு அவ்வளவுதான்.

இந்தியா தோற்றால் ஊர் திட்டும், அக்கா அழுவார். ஒருமுறை வயர் மாற்றப் போனபோது, அடுத்த உலகக் கிண்ணம் வரும்தானே என்று ஆறுதல் சொல்லிப் பார்த்தேன்.

"அதுக்கு நாலு வருசமாம் தம்பி. இவங்கள் இன்னும் ரெண்டு நாள் நிண்டு விளையாடினா என்ன, குறைஞ்சா போவாங்கள்?"

முகாமிலிருந்து அழைப்பு

இது சமாதான காலத்தில். அந்த முறை இலங்கை அரையிறுதியோடு நின்றது, இந்தியா இறுதி ஆட்டத்துக்குப் போனது. ரோசம்மாக்காவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் முன்பு கண்டதில்லை. அந்த நேரம் பார்த்து ஆமி முகாமிலிருந்து எனக்கு ஆள் வந்தது. ஊர் அன்ரனா எல்லாம் ஏன் கடலைப் பார்க்கின்றன என்று கேட்கத்தான் போகிறார்கள் என நினைத்துக்கொண்டே போனேன். அங்கே இருந்த கோப்ரல், தங்கள் அணி போய்விட்டதாகவும், இனி முகாம் அன்ரனாவையும் அந்தப் பக்கமே திருப்பும்படியும் சொன்னார். திருப்பிக் கொடுத்தேன். இறுதி ஆட்டத்தில் இந்தியா வாங்கிக்கட்டியதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாள் சென்ரியில் என் சைக்கிளை மறித்த கோப்ரல் அடையாள அட்டையைக் கேட்கவேயில்லை.

"பாஸ், படம் நல்ல கிளியர். உங்க ஆள் தோக்கிறது எல்லாம் வடிவா தெரிஞ்சது."

கூரையில் நான், கீழே இரண்டு பேர்

பிறகு திரும்பவும் சண்டை. கடலில் தடை, ரெலிபோனும் செத்துப்போனது. யூட்டிடமிருந்து மாதக்கணக்காக ஒரு சேதியும் இல்லை. கரிபியன் தீவுகளில் உலகக் கிண்ணம் தொடங்கியது. அக்கா பற்றறியைச் சார்ஜ் பண்ணி வைத்துக் காத்திருந்தார். இந்தியா முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியது.

இந்தியா இல்லாத ஆட்டங்களை அந்தப் பக்கத்து ரிவி காட்டாது. இலங்கையோ வென்றுகொண்டிருந்தது. சூசையண்ணை என்னைக் கூப்பிட்டு அன்ரனாவைக் கொழும்புப் பக்கம் திருப்பச் சொன்னார். நான் ஏறி நட்டில் திருகுசாவியை வைக்க, கையெல்லாம் மீன் செதிலோடு ஓடிவந்த அக்கா தடியின் அடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அதில கை வைக்காதை!"

"ரோசம்மா, இந்தியாதான் வீட்ட போயிற்றுதே. இனி அங்க பாக்க என்ன கிடக்கு?" என்றார் சூசையண்ணை.

"அவங்கள் போனா போகட்டும் அண்ணை. என்ர பிள்ளை அங்கதானே கிடக்கிறான். அவன் செய்தியெண்டாலும் பாப்பான், நானும் அதைப் பாக்கிறன்."

சாவியை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் கூரையில் நின்றேன். சூசையண்ணை என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"இறங்கும் தம்பி. கொழும்பை நான் ரேடியோவில கேக்கிறன்."

தோற்கிற அணிகளை நம்பிப் பிழைத்த என் தொழிலில், கூரையேறி ஒன்றையும் திருப்பாமல் இறங்கிய அந்த ஒரு நாள்தான் இரண்டு வீட்டிலும் எனக்குத் தேத்தண்ணி கிடைத்தது.