ஒறுத்தலுக்கு எடுத்த சைக்கிள்

ஒரு ஞாயிறு பூசையில் நற்கருணை வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. முன்னால் போன தொழிலாளித் தம்பி ஒருவரின் கால்சட்டை பின்பக்கம் தையல் விட்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. எங்கள் பெஞ்சுக்கு முறை வரும் முன்பே உர்சுலா அக்கா எழுந்து, அவர் பின்னால் ஒட்டினாற்போல் நின்றுகொண்டார். பீடம் வரைக்கும், திரும்ப அவர் இடம் வரைக்கும் அப்படியே போனார். பிறகு தன் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அக்கா லிட்டில் இந்தியாவில் ஒரு கடை மாடியில் ரவிக்கை தைப்பவர். உட்கார்ந்த வேலை, உட்காரத் தெரியாத மனம். இனிப்பு நீர் நோய் வந்து சில வருடம் ஆகியிருந்தது. புத்தாண்டு கழிந்து கண்ணைப் பார்த்த டாக்டர், உள்ளே ரத்தக் குழாய்கள் கெடத் தொடங்கிவிட்டன, மருந்தோடு தினமும் உடம்பை அசைத்துச் சர்க்கரையை இறக்காவிட்டால் பார்வை போகும் என்று சொல்லிவிட்டார். தையற்காரிக்குக் கண் போனால் என்ன மிச்சம்? அதிலிருந்து நூல் கோக்கும்போதெல்லாம் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், மறு கண்ணை மூடிப் பார்ப்பார்.

நடந்து பார்த்தார். ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அந்தச் சமயம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் பிறந்தது. நாங்கள் இறைச்சியை விட்டோம், சிலர் காப்பியை விட்டார்கள். அக்கா மட்டும், கல்யாணமாகிப் போன மகன் மார்வின் வாசலில் விட்டுப்போன சைக்கிளைத் தினமும் காலையில் ஓட்டுவதே தன் ஒறுத்தல் என்றார்.

"எனக்காகன்னா விட்டுடுவேன். ஆண்டவருக்குன்னு சொல்லிட்டா விட முடியாதுல்ல."

கணவர் கிளாரன்ஸ் அண்ணன், பென்ஷன் வயதில் ரேஸ் ஓட்டப் போகிறாள் என்று எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்கக் கேலி பேசினார். காலாங் ஆற்றோரப் பாதையில் அக்கா முதல் வாரமே செடிக்குள் விழுந்தார். முழங்கால் சிராய்ப்பைத் திருப்தியோடு காட்டினார். கஷ்டமாக இருந்த வரைக்கும் நிம்மதியாக இருந்தார்.

பிறகுதான் வினை. ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை ஜெபம் முடிந்து, முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, வண்டியில ஏறினாலே பாட்டு வருது. காத்து, தண்ணி, கொக்கு எல்லாம் அழகா இருக்கு. ஒறுத்தல்னு சொல்லிட்டு இப்படிச் சந்தோஷப்படலாமா?"

ஃபாதரைக் கேளுங்கள் என்றேன். அவர் சிரிப்பார் என்று அக்கா போகவில்லை. மறுநாளே சைக்கிளை விட்டுவிட்டார். பிடித்துப்போனதைத்தானே விட வேண்டும் என்று கணக்கு. அதற்குப் பதிலாக வெறும் சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டார்.

அந்த நாட்களில் அவரைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். விடியும் முன்பே எழுந்து வாசலுக்குப் போவாராம், சீட்டைத் தொடுவாராம், திரும்பிப் படுப்பாராம். கடையில் ரவிக்கையின் இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்தார். இறங்கியிருந்த சர்க்கரை மறுபடி ஏறியது. நான் அவருக்காக ஜெபமாலை சொன்னேன்.

ஒரு காலை கிளாரன்ஸ் அண்ணன், விடிந்தும் எழுந்திருக்காத மனிதர், சைக்கிளை லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டு நின்றாராம்.

"சந்தோஷம்னா சந்தோஷமாவே ஓட்டு லா. கஷ்டம்தான் வேணும்னா அதை நான் படறேன். தூக்கத்துல எழுந்து இந்த இரும்பைக் கீழ இறக்குறது என் ஒறுத்தல். உனக்குக் கண்ணு போனா என் மூஞ்சிய வேற யாரு பார்ப்பா?"

அக்கா சைக்கிளில் ஏறிப் போனார். அண்ணன் கீழே பெஞ்சில் கொட்டாவி விட்டபடி காத்திருந்தார்.

ஈஸ்டர் வந்து எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம். அக்காவுக்கு அன்றும் நிலைகொள்ளவில்லை. நேர்ச்சை முடிந்ததே, இனி என்ன பேர் சொல்லி ஓட்டுவது என்று. கண் பரிசோதனையில், மேலும் கெடவில்லை, நிறுத்திவிடாதீர்கள் என்றார்களாம். அதனால் ஓட்டினார். அண்ணனும் முனகிக்கொண்டே எழுந்தார்.

மகள் ஜோவன்னாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததும் அக்காவும் அண்ணனும் அவளுக்குத் துணையாகப் புக்கிட் பாஞ்சாங்குக்கு வீடு மாறினார்கள். கடைசியாகக் கோயில் வாசலில் விடைபெற்றபோது, அந்தப் பக்கம் மேடாயிற்றே, சைக்கிள் ஓட்டுவீர்களா என்று கேட்டேன். என் கையை விடாமல் சொன்னார்:

"ஏறும்போது ஒறுத்தல்னு வச்சுக்கிறேன் தங்கச்சி. இறங்கும்போது ஆண்டவர் கொஞ்சம் வேற பக்கம் பார்த்துக்கட்டும்."