அந்நியன் தேடிய நத்தார்

எங்கள் ஊரில் ஓர் அந்நியனைக் கண்டுபிடிப்பது, மாரிகாலத்தில் காய்ந்த விறகு தேடுவதைவிடக் கடினமான காரியம். பண்டத்தரிப்பிலே யாரைத் தொட்டாலும் சொந்தம். சொந்தம் இல்லையென்றால் சம்பந்தம். இரண்டும் இல்லையென்றால் எல்லைவேலி வழக்கு. இதெல்லாம் தெரிந்திருந்தும் என் ஐயா அப்படி ஒரு வாக்கைக் கொடுத்தாரே, அதை என்னவென்று சொல்ல!

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய காலம். எனக்கு எட்டு வயது. நாங்கள் வேதக்காரர், சுற்றிவர இருந்தவர்கள் சைவர்கள். யேசு பிறந்த நாளான நத்தாருக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, எங்கள் போதகர் அந்நியரை உபசரிப்பதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். முன்பின் தெரியாதவனுக்குச் சோறு போட்ட சிலர், தங்களுக்கே தெரியாமல் தேவதூதருக்குப் போட்டிருக்கிறார்களாம். சபையில் பாதிப்பேருக்கு நல்ல நித்திரை. ஐயாவுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. பிரசங்கம் முடிந்ததும் எழுந்து நின்றார். நத்தார் அன்று முன்பின் அறியாத ஒருவர் தன் வீட்டில் இருந்து இலையில் கைவைக்கும்வரை, தான் சோற்றில் கைவைக்கப் போவதில்லை என்று சபை முன்னிலையில் சொல்லிவிட்டார். ஐயா அப்படித்தான். தங்கமான மனம், யோசனை மட்டும் எப்போதும் ஒரு வண்டில் பிந்தித்தான் வரும்.

அம்மா வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லை. வாசல் படலையைச் சாத்தியபிறகுதான் திறந்தா.

"இஞ்சாருங்கோ, நீங்கள் தின்னாமல் இந்த வீட்டிலை ஆர் தின்னிறது? நத்தாரும் அதுவுமாப் பிள்ளையளைப் பட்டினி போடப் போறியளோ?"

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, நத்தாருக்கென்றே வந்து தங்கியிருந்தார். அவருக்கு இதைவிட வேறு பண்டிகை வேண்டாம். "அத்தான், நத்தாருக்கு விரதம் பிடிச்ச முதல் வேதக்காரன் நீங்கள்தான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நத்தார் வந்தது. ஆராதனை முடிந்து கோயிலால் வந்து, புதுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நானும் அண்ணையும் படலையில் காவலுக்கு நின்றோம். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம். குசினிக்குள்ளிருந்து ஆட்டிறைச்சிக் கறியின் வாசம் வந்து வந்து என் மூக்கைப் பிடித்து இழுத்தது. பயற்றம் பணியாரமும் கொக்கிசும் பெட்டியில் மூடிக் கிடந்தன. அவற்றையும் தொடக்கூடாதென்று அம்மா சொல்லிவிட்டா. தேவதூதர் வருவதானால் கெதியாய் வரவேண்டும் என்று நான் மெய்யாகவே ஜெபம்பண்ணினேன்.

முதலில் வந்தவர் ஒரு குடைக்காரர். எங்களுக்குத் தெரியாத முகம். அண்ணை போட்ட கூச்சலில் ஐயா ஓடிவந்து, "வாங்கோ வாங்கோ, இண்டைக்கு எங்கடை வீட்டிலைதான் சாப்பாடு" என்று அவரைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார். மனிதர் பயந்துபோனார். இலையும் போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து அம்மா செம்பில் தண்ணீரோடு வந்து, "எவடம்?" என்று கேட்டா.

"சுழிபுரம்."

"சுழிபுரத்திலை எந்தப் பக்கம்? ஆரின்ரை பகுதி?"

அவர் ஒரு பெயர் சொன்னார். அம்மா ஒரு பெயர் சொன்னா. அவர் இன்னொன்று. அம்மாவின் முகம் விளக்கேற்றினதுபோல் ஆயிற்று. "ஐயோ, எங்கடை பெரிய மாமியின்ரை மருமோனுக்குத் தமையனெல்லோ நீங்கள்!"

"சொந்தக்காரன். செல்லாது" என்றார் மாமா, மூலையில் இருந்தபடி. அவர் அன்றைக்கு நீதவான் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடைக்காரர் பணியாரமும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு, இருபக்கத்துச் சுகநலமும் விசாரித்துவிட்டுப் போனார். அந்தப் பணியாரம் என் கண்முன்னால் போனது. ஐயா அம்மாவிடம், "இனி நீ ஒருத்தரிட்டையும் ஊர் கேக்கப்படாது" என்று கடுமையாய்ச் சொன்னார்.

"ஊர் கேளாமல் எப்பிடிச் சோறு போடுறது? மாட்டுக்கே வைக்கிறம்?" என்றா அம்மா.

அடுத்தவர் உடுப்பிட்டிப் பக்கத்துக்காரர். அவ்வளவு தூரத்தில் சொந்தம் இருக்காது என்று ஐயாவுக்கு நம்பிக்கை பிறந்தது. ஆனால் நெற்றி நிறையத் திருநீறு. மார்கழி மாதம், திருவெம்பாவைக் காலம். படலை வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தவர், கறிவாசம் பட்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டார். "குறை நினையாதேங்கோ, நான் விரதம்" என்று கும்பிட்டார். ஐயா விடவில்லை, ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவர் குடித்துவிட்டுப் போனதும் மாமாவைப் பார்த்து, "இளநீரைச் சாப்பாட்டிலை சேர்க்கலாமோ?" என்று கேட்டார். கேட்ட குரலைக் கேட்டிருந்தால் கல்லும் சேர்த்திருக்கும்.

"இலையிலை கைவைக்க வேணும், அத்தான். சபையிலை சொன்ன சொல்லு."

மத்தியானம் திரும்பிவிட்டது. ஒழுங்கையில் தவளையைத் தவிர ஒரு சீவன் இல்லை. ஐயா விறாந்தையில் போய் இருந்துவிட்டார். சபைக்கு முன்னால் எழுந்து நின்ற மனிதர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவார்? எனக்கு அந்தக் கவலை இல்லை. எனக்குப் பசி. பசியோடு பின்வளவுக்குப் போனேன். அங்கே வண்டில் கொட்டிலில் சின்னான் குந்தியிருந்தார்.

சின்னான் எங்கள் தோட்டத்தில் துலா மிதித்து நீர் இறைப்பவர். ஐயாவைவிட மூத்தவர், தலை முழுக்க நரை. எட்டு வயதுக்காரி நான் "டேய் சின்னான்" என்றால், "என்ன பிள்ளை" என்று ஓடி வருவார். அவருடைய ஆட்கள் எங்கள் வீட்டுப் படியேறுவதில்லை. நத்தாருக்கு நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபிறகு, அந்தக் கொட்டிலில் அவருக்குப் பனையோலையில் சோறு போடுவார்கள். அதற்காகத்தான் அவரும் காலையிலிருந்து பசியோடு காத்திருந்தார்.

எனக்கு ஓர் அருமையான யோசனை உதித்தது. விறாந்தைக்கு ஓடினேன்.

"ஐயா, சின்னான் இருக்கிறானே! அவனைக் கூப்பிட்டு இருத்துவம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார். "சின்னான் அந்நியனோ, மோனை? அவன் எங்கடை ஆளெல்லோ."

"எங்கடை ஆளெண்டால் எங்களோடை இருந்து சாப்பிடலாம்தானே?"

"வாயைப் பொத்திக்கொண்டு படலையிலை போய் நில்லு" என்றா அம்மா.

பின்வளவில் சின்னானுக்கு இது கேட்டிருக்க வேண்டும். வீட்டோரம் வந்து, நிலத்தைப் பார்த்தபடி, "கமக்காரன், நான் பெரிய தெருப் பக்கம் போய் ஆரையும் கண்டால் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார். எங்கள் விருந்தாளியைத் தேடிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கிப் போனார்.

திரும்பி வந்தபோது இடுப்புவரை சேறு. தலையில் ஒரு பெரிய துணிமூட்டை. பின்னால் ஒரு மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் மேனி, சின்னக் கண், முழங்கை உரஞ்சி இரத்தம் வந்திருந்தது.

"சீனன்!" என்று அண்ணை கத்தினான்.

பட்டணத்தில் சைக்கிளில் பட்டுத்துணி விற்கும் சீனரைத் தூரத்தில் கண்டிருக்கிறோம். எங்கள் ஒழுங்கைக்குள் ஒருவர் வந்தது அதுதான் முதல்தடவை. மதகடியில் சைக்கிளோடு வெள்ளத்துக்குள் விழுந்து கிடந்தாராம். சின்னான் குதித்து, முதலில் ஆளையும் பிறகு சைக்கிளையும் பிறகு மூட்டையையும் இழுத்து வெளியில் போட்டிருக்கிறார்.

ஐயாவின் சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தரப்பட்டு, ஓடி, சறுக்கி, சீனரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. பொத்தியிருக்கத் தேவையில்லை. சீனாவில் எங்களுக்குச் சொந்தம் இல்லையென்றுதான் நினைக்கிறேன். மாமா விருந்தாளியைத் தலைமுதல் கால்வரை பார்த்து, "செல்லும்" என்று தீர்ப்பளித்தார்.

சீனருக்கு ஐயாவின் வேட்டி ஒன்றைக் கட்டிவிட்டு, கூடத்தில் பாய் விரித்து இருத்தினார்கள். தலைவாழையிலை, மலைபோலச் சோறு, சோற்றின் நடுவே குழி பறித்து ஆட்டிறைச்சிக் கறி. ஐயா ஜெபம்பண்ணினார். அதுவும் நீண்ட ஜெபம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்து, எல்லோரும் சீனரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

சீனர் கையை மடியில் வைத்துக்கொண்டு சுற்றிவரப் பார்த்தார். "அண்ணை எங்கே?" என்றார்.

"நான் இஞ்சை" என்று என் அண்ணை முன்னுக்குப் போனான்.

சீனர் இல்லையென்று தலையாட்டினார். தலையில் மூட்டை சுமப்பதுபோலக் கையைத் தூக்கிக் காட்டினார். "தண்ணி, மூட்டை, அண்ணை."

எங்கள் வளவுக்குள் சின்னானை அண்ணை என்று ஒருவரும் அதுவரை சொன்னதில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாங்கள் சாப்பிட்டு முடிய அவன் பேந்து சாப்பிடுவான்" என்றார்.

"பேந்து? சரி. நானும் பேந்து." சீனர் முகம் முழுக்கச் சிரித்தார். எழுந்து, பின்வாசலால் இறங்கி, நேரே வண்டில் கொட்டிலுக்குப் போய்ச் சின்னானுக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்துவிட்டார்.

ஆகா, அந்தச் சிக்கலை நினைத்தால் இப்போதும் வயிறு குலுங்குகிறது. சின்னான் நடுங்கிப்போய், "ஐயா, உள்ளுக்குப் போங்கோ, என்னைப் பழிகாரனாக்காதேங்கோ" என்று கெஞ்சினார். சீனர் அவருடைய முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஐயா சின்னானைப் பார்த்து, "அப்ப நீ முதல் தின்னு" என்றார். "கமக்காரன் சாப்பிட முந்தி நானோ? செத்தாலும் மாட்டன்" என்றார் சின்னான். சீனர் சாப்பிடாமல் ஐயா சாப்பிட முடியாது. சின்னான் சாப்பிடாமல் சீனர் சாப்பிட மாட்டார். ஐயா சாப்பிடாமல் சின்னான் தொட மாட்டார். செக்குமாடுபோல மூன்றும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நின்றன. நடுவில் நான் பசியால் செத்துக்கொண்டிருந்தேன்.

ஐயா பின்வாசலில் நின்றார்.

அம்மாதான் முதலில் அசைந்தா. குசினிக்குள் போய்ச் சோற்றுப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தா. "எல்லாரும் கொட்டிலுக்கு நடவுங்கோ. ஒரே நேரத்திலை கைவைச்சால் ஆருக்கும் முந்தலும் இல்லை, பிந்தலும் இல்லை."

"அக்கா, உமக்கென்ன விசரோ? ஊர் என்ன சொல்லும்?" என்று மாமா பாய்ந்து வந்தார். சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது.

"ஊரோ? காலமை தொடக்கம் ஊரைத்தானே கூப்பிட்டுக் களைச்சுப்போனம். ஒருத்தனும் வந்து இலையிலை கைவைக்கேல்லை. தள்ளு, பானை சுடுகுது."

ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரமண்ணில் இறங்கி நடந்தார். அம்மா சின்னானுக்கும் வாழையிலையே போட்டா. ஐயா சீனருக்கு ஒரு பக்கம், சின்னான் மற்றப் பக்கம். மாமாவும் பசியை எத்தனை நேரம் தாங்குவார்? நிலத்தில் இருக்க மனம் வராமல் வண்டிலின்மேல் ஏறி இருந்து, இலையை மடியில் வைத்துக்கொண்டார். சீனர் எல்லோரையும் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்பதுபோலத் தலையாட்டினார். ஒன்றாகக் கைவைத்தோம்.

அப்படி ஒரு சாப்பாட்டை நான் பிறகு சாப்பிட்டதில்லை. மழை திரும்பவும் பிடித்துக் கிடுகுக் கூரையில் கொட்டியது. உறைப்புத் தாங்காமல் சீனரின் கண்ணால் தண்ணீர் ஓடியது. ஓட ஓட இன்னும் ஊற்றச் சொன்னார். மூட்டை முழுக்க நனைந்திருந்ததால் அண்ணையும் நானும் பட்டுகளை உதறிக் கூரை வளைகளில் காயப்போட்டோம். சிவப்பும் நீலமும் பச்சையுமாய் அவை எங்கள் தலைக்குமேல் தொங்கின. எங்கள் கோயில் சோடனை கிட்டவும் நிற்க முடியாது. எனக்கு ஒரு சிவப்பு நாடா கிடைத்தது. இனிமேல் எல்லா நத்தாருக்கும் கொட்டிலில்தான் சாப்பிட வேண்டும் என்று நான் சத்தம் போட்டேன்.

அப்போதுதான் சின்னானைப் பார்த்தேன். கை சோற்றில் இருந்தது; வாய்க்குப் போகவில்லை. விரல்கள் வெடவெடவென்று நடுங்கின.

"குளிருதோ, சின்னான்?"

"ஓம் பிள்ளை" என்றார். "நல்ல குளிர்."

"ஐயா, சின்னானுக்குக் குளிருதாம்!"

ஐயா இலையிலிருந்து தலையை நிமிர்த்தினார். பிறகு, தன் தோளில் கிடந்த சால்வையை இடக்கையால் இழுத்து, சீனருக்கு முன்னாலே நீட்டினார். சின்னான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய ஆட்கள் எங்கள் ஊர்த் தெருவில் தோளில் துணி போட்டு நடப்பதில்லை, போட விடுவதில்லை. காகம் கறுப்பென்பதுபோல அதுவும் எனக்கு ஒரு சங்கதியாகப் பட்டதே கிடையாது. குளிருக்குக் கொடுத்த சால்வையைப் போர்க்காமல் பூனைக்குட்டிபோல மடியில் வைத்திருக்கும் மனிதரைப் பார்க்க எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"விசரன் சின்னான்! போர்க்கவெல்லோ ஐயா தந்தவர்!"

நான் சிரிக்கச் சீனரும் சிரித்தார். நாள் முழுக்கப் பெண்களின் தோளில் பட்டுப் போட்டுக் காட்டும் வியாபாரி அல்லவா! கையைத் துடைத்துக்கொண்டு, சால்வையை எடுத்து, ஓர் உதறு உதறி, மடிப்புக் குலையாமல் சின்னானின் இரண்டு தோளையும் மூடிப் போர்த்தினார். பின்னுக்குச் சாய்ந்து பார்த்தார். "நல்ல வடிவு, அண்ணை" என்றார்.

நான் கைதட்டினேன். வேறு ஒருவரும் தட்டவில்லை. வண்டிலின்மேல் மாமா மென்றதை விழுங்காமல் இருந்தார். ஐயா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னான் தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் கையால், ஒரு வாய் சோறு எடுத்துச் சாப்பிட்டார். அம்மா கறிச்சட்டியும் அகப்பையுமாய் நடுக்கொட்டிலில் அப்படியே நின்றா. கண்ணால் பொலபொலவென்று தண்ணீர் வழிந்தது. மிளகாய் கூடிப்போன கவலையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அகப்பையில் நல்ல எலும்புத்துண்டு ஒன்று கிடந்தது.

"அம்மா," என்றேன், "ஏன் நிக்கிறியள்? கறி விடுங்கோவன்."