கனவில் அடிப்பவர்

மார்கழிக் குளிரில் ஒரு விடியற்காலை, என் கணவரின் முழங்கை என் தாடையில் வந்து மோதியது. தூக்கத்தில் புரண்டிருப்பார் என்று நினைத்து நகர்ந்து படுத்தேன். உடனே காலால் உதைத்தார். கூடவே, "விடுடா அவள" என்று ஒரு கத்தல். திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

தோளைப் பிடித்து உலுக்கினேன். சட்டென்று விழித்துக்கொண்டார். கண்ணில் தூக்கக் கலக்கமே இல்லை.

"யாரோ ஒருத்தன் உன் கையைப் புடிச்சு கொள்ளிடத்துப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போறான் வசந்தா. அவனைத்தான் உதைச்சேன்."

"அவன் தப்பிச்சிட்டான். உதை எனக்குத்தான் விழுந்துச்சு" என்றேன். இருவரும் சிரித்தோம். அவர் மறுபடி தூங்கிவிட்டார். எனக்குத் தாடை வலித்துக்கொண்டே இருந்தது.

திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. என் கணவர் ராசேந்திரன் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறார். டிராக்டரை வாடகைக்கும் ஓட்டுகிறார். எங்கள் இருவரின் அப்பாக்களும் பிறர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். மடையில் நின்று தண்ணீருக்குச் சண்டை போடுகிற நாட்களில்கூட, "அவங்க முதல்ல பாய்ச்சிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிற மனிதர் அவர். இதைச் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் ஊர் அவரை எப்படிப் பேசியது என்பதையும் சொல்லப்போகிறேன்.

அதன்பிறகு கனவுகள் அடிக்கடி வந்தன. கரும்புக்குள்ளிருந்து பாய்கிற காட்டுப்பன்றி, வெறிநாய், முகம் தெரியாத ஆட்கள். ஒரு கனவில்கூட அவராகப் போய் யாரையும் தாக்கவில்லை. யாராவது என்னைத் துரத்துவார்கள். அல்லது அவரைத் துரத்துவார்கள். அவர் தடுப்பார். தடுக்கிற கை என்மேல் விழும்.

படுத்த உடனே ஒருநாளும் வராது. முதல் தூக்கம் அமைதியாகவே போகும். சேவல் கூவும் நேரம் நெருங்க நெருங்க முதலில் உதடு அசையும், பிறகு விரல்கள். நான் எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்வேன். பல நாள் அப்படி உட்கார்ந்தபடியே விடிந்திருக்கிறது.

பக்கத்து வீட்டில் மந்திரிக்கச் சொன்னார்கள். மந்திரித்தோம். கயிறு கட்டினோம். அந்தக் கயிறு கட்டிய கைதான் ஒருநாள் என் கண்ணுக்குக் கீழே விழுந்தது.

கன்றிப்போன முகத்தோடு பள்ளிக்குப் போனேன். கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். கணக்கு ஆசிரியை என்னைத் தனியாக அழைத்துப்போனார்.

"போன மாசமும் கதவுதான் டீச்சர். சார் குடிக்கிறாரா?"

"இல்லைங்க. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது."

"குடிக்காம அடிக்கிறவங்களும் இருக்காங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். தூக்கத்தில் அடிக்கிறார் என்று நான் சொன்னபோது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. சொல்லும்போதே எனக்கும் அது பொய் போலத்தான் கேட்டது.

ராசேந்திரன் பெண்டாட்டியை அடிக்கிறான் என்ற ஊர்ப்பேச்சு என் தம்பி குமரேசன் காதுவரை போய்விட்டது. அவன் நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஒரு சாயங்காலம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"மாமா, அக்காவை அடிச்சீங்களா?"

"அடிச்சேன்" என்றார் இவர்.

"எதுக்கு?"

"தெரியலப்பா. தூக்கத்துல அடிக்கிறேன். முழிச்சுப் பாத்தா அடிபட்டுக் கெடக்குறா."

தம்பி என்னைப் பார்த்தான். "நீயும் இதையேதான் சொல்லப்போறியா அக்கா? எத்தனை வீட்டுல பாத்திருக்கேன். எல்லாப் பொம்பளைங்களும் ஏதாவது ஒண்ணைச் சொல்லி மூடித்தான் வைக்கிறாங்க."

என் கணவர் உள்ளே போய்ப் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு வந்தார். "இனிமே நான் பம்புசெட்டு கொட்டாயில படுத்துக்கிறேன்" என்றார். குமரேசன் வழியை மறித்து நின்று, "நானும் வரேன். என்னன்னு பாத்துடறேன்" என்றான்.

மறுநாள் காலை இருவரும் வரப்பில் நடந்து வந்ததைப் பார்த்தேன். அவருடைய வலது கையில் துண்டு சுற்றியிருந்தது. துண்டில் ரத்தம். அவர் கிணற்றடிக்குப் போக, தம்பி அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கண்ணு மூடித்தான் இருந்துச்சு அக்கா" என்றான்.

கைப்பேசியில் வீடியோ எடுத்திருந்தான். பகல் வெளிச்சத்தில் மூவரும் அதைப் பார்த்தோம். ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறார். உதடு முணுமுணுக்கிறது. கைகள் கயிறு இழுப்பதுபோல் இழுக்கின்றன. திடீரென்று உடம்பு பாதி எழுந்து, முஷ்டி சுவரில் இறங்குகிறது. ஒருமுறை, மறுமுறை. கண்கள் திறக்கவே இல்லை.

"இது நானா?" என்று கேட்டார். மறுபடியும் போடச் சொன்னார். இரண்டாவது முறை பார்த்த பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"கனவுல ஒரு நாயைத் தள்ளிவிட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." துண்டு சுற்றிய கையைப் பார்த்து, "மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி அந்தச் சுவத்துலதான இருக்கு. கரண்டுல அடிச்சிருந்தா?" என்றார்.

"போலாம் மாமா, தஞ்சாவூர்ல டாக்டரைப் பாத்துடலாம்" என்றான் குமரேசன்.

நாங்கள் பார்த்தது ஒரு நரம்பியல் மருத்துவரை (மூளை, நரம்பு சார்ந்த நோய்களைப் பார்ப்பவர்). நிதானமான பெண்மணி. முதலில் அந்தக் கைப்பேசிப் படத்தைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு வரிசையாகக் கேள்விகள். குடிப்பாரா, மனச்சோர்வுக்கு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா, குறட்டை உண்டா, மலச்சிக்கல் உண்டா. கடைசியில் ஒரு சிறு புட்டியைத் திறந்து என் கணவரின் மூக்கருகே நீட்டினார்.

"என்ன வாசனைங்க?"

"ஒண்ணும் தெரியலைங்களே."

காப்பித்தூள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே வாசனை வந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஒருநாள் நான் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது, பால் பொங்கி அடுப்பு அணைந்து வீடெங்கும் கேஸ் பரவியிருந்தது. அவர் அடுப்படிக்குள்ளேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். இதைச் சொன்னேன். மருத்துவர் எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை.

உறக்க ஆய்வு செய்தார்கள் (தூங்குபவரின் மூளை அலை, கண் அசைவு, மூச்சு, தசை இறுக்கம் ஆகியவற்றை இரவு முழுவதும் பதிவு செய்வது). தலையிலும் முகவாயிலும் கால்களிலும் கம்பிகளை ஒட்டினார்கள். வலி இல்லை. "வயர் போட்டு என்னையும் கரண்டு லைன்ல சேத்துட்டாங்க" என்று அவர் சிரித்தார். நானும் தம்பியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

முடிவு வந்ததும் மருத்துவர் திரையில் கோடுகளைக் காட்டி விளக்கினார். எல்லோரும் முதலில் மேலோட்டமாகத் தூங்குகிறோம். பிறகு ஆழ்ந்த உறக்கம். உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்வது பெரும்பாலும் அதில்தான். அதன்பின் வருவது ‘ரெம்’ உறக்கம் (மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கட்டம், கதைபோல் நீளும் கனவுகள் இதில்தான் அதிகம்). இந்தச் சுற்று ஓர் இரவில் பலமுறை வருகிறது. விடியலை நெருங்க நெருங்க ரெம் நீளுகிறது.

"அதனாலதான் உங்களுக்கு விடியக்காலையில வருது" என்றார். "ரெம்ல மூளை கிட்டத்தட்ட முழிச்சிருக்கிற மாதிரி வேலை செய்யும். மூச்சையும் கண்ணையும் விட்டுட்டு மத்த தசையையெல்லாம் அது பூட்டி வச்சிடும். நாம கனவுல ஓடினாலும் கட்டில்ல கால் ஓடாது. இவருக்கு அந்தப் பூட்டு விழல. கனவுல செய்யிறதை உடம்பும் செஞ்சிடுது."

இதற்குப் பெயர் ரெம் உறக்க நடத்தைக் கோளாறு.

என் கணவர் தலை குனிந்தபடி கேட்டார். "அப்ப எனக்கு இவ மேல உள்ளுக்குள்ள கோவம் ஒண்ணும் இல்லையே டாக்டர்?"

இத்தனை மாதமும் அவர் எதைச் சுமந்துகொண்டிருந்தார் என்று அந்த அறையில்தான் எனக்குத் தெரிந்தது.

"இல்லைங்க. கோவத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார் மருத்துவர்.

எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். மருத்துவர் ஃபைலை மூடவில்லை.

"இன்னொரு விஷயம் இருக்கு. சிலர் தெரிஞ்சுக்கணும்பாங்க, சிலர் வேண்டாம்பாங்க. நீங்கதான் சொல்லணும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர், "சொல்லுங்க. மறைச்சீங்கன்னா அதுவும் கனவுல வந்து தொரத்தும்" என்றார்.

மருத்துவர் மெதுவாகச் சொன்னார். அந்தப் பூட்டைப் போடுகிற இடம் மூளைத்தண்டில் இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் அது பழுதாகிறவர்களில் பலருக்கு, ஆண்டுகள் கழித்துப் பார்க்கின்சன் நோய் வருகிறது (உடல் இறுகி, அசைவு மந்தமாகி, கை நடுங்கும் நோய்). சிலருக்கு மறதி நோய் வருகிறது.

"எப்ப வரும்?" என்று கேட்டார் இவர்.

"சொல்ல முடியாது. ரொம்ப வருஷம் ஆகலாம். வராமலும் போகலாம். இப்ப கை காலெல்லாம் நல்லா இருக்கு. ஆனா வாசனை போயிருக்கு. அதை நான் லேசா எடுத்துக்க முடியாது."

"தடுக்க மருந்து?"

"இன்னிக்கு வரைக்கும் இல்லைங்க. தினமும் நடங்க, வேர்க்க வேலை செய்ங்க. தூக்கத்தை நான் சரிபண்ணித் தரேன்."

பேருந்தில் ஊர் திரும்பினோம். சன்னலுக்கு வெளியே சம்பா பயிர் பச்சை கட்டி நின்றது. கும்பகோணம் பாலத்தைத் தாண்டும்போது அவர், "போர்வெல் போடறதை இந்தக் கோடையிலேயே முடிச்சிடலாம்" என்றார். ஐந்தாறு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டுவந்த வேலை அது. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இதைப் படிக்கிற வீட்டிலும் யாராவது கனவில் கத்தி, கையை வீசிக்கொண்டிருக்கலாம். எங்களுக்குப் பயன்பட்டதைச் சொல்கிறேன். முதல் வேலையாக ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் நாங்கள் இன்னும் கயிறுதான் கட்டிக்கொண்டிருப்போம். எழுப்ப வேண்டுமானால் கை எட்டாத தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகியது இந்த வயதில்தான். காயத்துக்குக் கதவைக் காரணம் காட்டாதீர்கள். ஆனால் விழித்திருக்கும்போதும் ஓங்குகிற கை என்றால் அது வேறு விஷயம். அதற்கு இந்த நோயின் பெயரைச் சூட்டாதீர்கள்.

எங்கள் படுக்கை அறையிலிருந்து அரிவாள், கண்ணாடி, மேசை எல்லாம் வெளியே போயின. தாழ்வான இரண்டு கட்டில்களைத் தள்ளித் தள்ளிப் போட்டோம். அவர் கட்டிலைச் சுற்றித் தரையில் மெத்தை. முதலில் மெலடோனின் கொடுத்தார்கள் (இருட்டும் வேளையில் மூளை தானாகச் சுரக்கும் உறக்கச் சுரப்பு). அது போதாமல் இன்னொரு மாத்திரையும் சிறிய அளவில் சேர்ந்தது. இரண்டையுமே நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அளவு தவறினால் விழுந்து அடிபட நேரும். சாயங்கால டீ நின்றது. ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுந்தோம். மெல்ல மெல்லக் கூச்சல் குறைந்தது. ஒரு கட்டத்தில் நின்றேவிட்டது.

அவர் தூங்கத் தொடங்கிய பிறகு எனக்குத் தூக்கம் போனது. சத்தம் வராததே பயமாக இருந்தது. மூச்சு வருகிறதா என்று காது கொடுத்தபடி கிடப்பேன். அடுத்த முறை மருத்துவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப நோயாளி நீங்கதான்" என்றார். தூக்கம் வராமல் படுக்கையில் கிடக்கக் கூடாது, எழுந்து வேறிடத்தில் உட்கார வேண்டும், கண் சொக்கினால்தான் திரும்ப வேண்டும், இரவு எப்படிப் போனாலும் காலையில் அதே நேரத்துக்கு எழ வேண்டும் என்றார். முதல் சில வாரங்கள் பகலெல்லாம் தலை கனத்தது. பிறகு தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முன்புபோல் இல்லை என்றாலும் அதை வைத்துக்கொண்டு வாழ முடிகிறது.

கணக்கு ஆசிரியை வீட்டுக்கு வந்து, அவரிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். "நீங்க கேட்டது சரிதாம்மா. கேக்காம இருந்தாத்தான் தப்பு" என்றார் இவர்.

கோடையில் போர்வெல் போட்டோம். இப்போது அவர் பேச்சில் ‘பொறவு பாத்துக்கலாம்’ என்ற சொல் இல்லை. எதையும் இந்த வாரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறார். நான் நேர்மாறாகிவிட்டேன். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகாதா என்று இருக்கிறது. அவர் சாப்பிடும்போது கையைப் பார்க்கிறேன். பித்தான் போடும்போது விரலைப் பார்க்கிறேன். நான் பார்ப்பதை அவர் பார்க்கிறார்.

போன வாரம் ஒருநாள் காலையில், நெடுநாளைக்குப் பிறகு ஒரு கனவைச் சொன்னார்.

"சண்டை ஒண்ணும் இல்ல. நடவு வயல்ல நிக்கிறேன். கணுக்கால் அளவுதான் சேறு. தூக்கினா கால் வரல."

"பயந்துட்டீங்களா?"

"இல்ல. எந்த அவசரமும் இல்லாத மாதிரி இருந்துச்சு. அதுதான் ஒரு மாதிரியா இருக்கு."

இப்போதெல்லாம் விழித்ததும் உடனே எழுவதில்லை. இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறார். மாத்திரையின் அசதியாக இருக்கலாம். வயதாக இருக்கலாம். மருத்துவர் சொன்னதாகவும் இருக்கலாம். அடுத்த மாதம் மருத்துவரிடம் போகும்போது கேட்க வேண்டும்.

அந்த நேரத்தில் நான் என் போர்வையை மடிக்கிறேன். மடித்து முடித்துவிட்டால், பிரித்து மறுபடி மடிக்கிறேன். அவர் எழுந்து வாசல் பக்கம் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அடுப்படிக்குப் போகிறேன்.